பந்தலில் எழுதிய பெயர்

(கோடை விடுமுறையில் தொண்டாற்றிய மாணவர்கள் பள்ளிக்குத் திரும்பும் வேளையில், திசையன்விளையில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

திருச்சிற்றம்பலம்



கத்திரி வெயில் கழிந்தது. வைகாசி விசாகப் பெருவிழா நிறைவெய்தியது. உவரி சுயம்புலிங்க சுவாமி திருக்கோயிலின் கடற்கரையில் ஓலைப்பெட்டியில் மணல் சுமந்து நேர்த்திக்கடன் செலுத்திய அடியார் கூட்டம் தத்தம் ஊர் சென்று சேர்ந்தது. புதிய சீருடைகள் தைத்து வந்துவிட்டன. புதிய நூல்களுக்கு அட்டை போடும் வேலை வீடுதோறும் நடக்கின்றது. வெயிலின் கொடுமையால் 2023ஆம் ஆண்டில் ஆறாம் வகுப்பு முதல் மேலுள்ள வகுப்புகள் ஜூன் 12ஆம் நாளும், 2024ஆம் ஆண்டில் பள்ளிகள் ஜூன் 10ஆம் நாளும் திறக்கப்பெற்றமை பலருக்கும் நினைவிருக்கும். நாள் முன்னோ பின்னோ ஆகலாம். பள்ளி மணி ஒலித்தே தீரும்.

விடுமுறையை எல்லாப் பிள்ளைகளும் விளையாட்டிலேயே கழித்துவிடுவதில்லை. நாட்டு நலப்பணித் திட்டம், சாரணர் இயக்கம், இளம் செஞ்சிலுவைச் சங்கம், தேசியப் பசுமைப் படை எனப் பள்ளிகளில் அமைந்துள்ள தொண்டர் அணிகளைச் சார்ந்த மாணவ மாணவியர் பலர், கோடையிலும் தொண்டை மறப்பதில்லை. வழிநடப்போர்க்குத் தண்ணீர்ப் பந்தல் வைக்கின்றனர். விழாக் காலங்களில் வரிசையை ஒழுங்கு செய்கின்றனர். கண்பார்வை மங்கிய முதியோரைக் கைபிடித்துச் சந்நிதிக்கு அழைத்துச் செல்கின்றனர். கடற்கரையில் சிதறிக் கிடக்கும் நெகிழிப் பைகளைப் பொறுக்குகின்றனர். திருமதிலில் வேர்விட்ட அரசங்கன்றுகளையும், நந்தவனத்தில் மண்டிய முட்செடிகளையும் களைகின்றனர். குளக்கரையில் கன்று நட்டு நீர் வார்க்கின்றனர்.

இவையெல்லாம் போற்றத்தக்க செயல்களே. ஆயினும் இவ்விடத்தில் ஒரு வினா எழுகின்றது. பள்ளி திறந்த மறுநாள் காலையில், அந்தப் பந்தலில் உள்ள பானைக்கு நீர் வார்ப்பவர் யார்? நட்ட கன்றுக்கு நீர் ஊற்றுபவர் யார்? இந்த எளிய வினாவிற்கு விடை தேடுவதே இச்சொற்பொழிவின் நோக்கமாகும்.

நீரின் அருமை அறிந்த மண்

திருநெல்வேலிச் சீமை என்றவுடன் தாமிரபரணியும், அதன் இருகரையிலும் விரிந்த நெல்வயல்களும் நினைவிற்கு வரும். ஆனால் அந்த ஆற்றின் அருள் இயல்பாகவே திசையன்விளை வரை வந்து சேர்வதில்லை. இது பனையும் முருங்கையும் வளரும் நிலம். செம்மணல் தேரி சூழ்ந்த நிலம். தாமிரபரணியில் வீணே கடலுக்குச் செல்லும் வெள்ளநீரை இப்பக்கம் கொணரும் பொருட்டு, கருமேனியாற்றையும் நம்பியாற்றையும் இணைக்கும் கால்வாய்ப் பணி 2009ஆம் ஆண்டில் தொடங்கிற்று. ஏறத்தாழ 75 கிலோமீட்டர் நீளமுள்ள அக்கால்வாய் 2025ஆம் ஆண்டிலேதான் நாட்டிற்கு அர்ப்பணிக்கப்பெற்றது. ஒரு கால்வாய்க்குப் பதினாறு ஆண்டு காத்திருந்த மக்களுக்கு, ஒரு குவளைத் தண்ணீரின் மதிப்பைப் பிறர் எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

மற்றொன்றையும் கருத வேண்டும. ஆனி, ஆடி மாதங்களில் மேற்கே குற்றாலத்தில் சாரல் பொழியும், அருவிகள் ஆர்ப்பரிக்கும். அதே நாள்களில் கிழக்கே இப்பகுதியில் வீசுவது காற்றுத்தான், மழையன்று. தேரியின் செம்மணலை அள்ளிச் சென்று மேடு மேடாகக் குவிக்கும் காற்று அது. இம்மண்ணிற்கு உரிய மழை ஐப்பசி, கார்த்திகையில் வருவது. ஆகவே, பள்ளிகளின் நாட்காட்டியில் கோடை விடுமுறை முடிந்துவிடுகின்றது. மண்ணில் கோடை முடிவதில்லை. மாணவர்கள் பந்தலை விட்டு வகுப்பறைக்குத் திரும்பும் நாளிலிருந்து மழை வரும் நாள் வரை இன்னும் நான்கு மாதங்கள் இருக்கின்றன. அந்த நான்கு மாதங்களும் தண்ணீர்ப் பந்தலுக்கு வேலை உண்டு.

பந்தல் வைப்பது எளிது, காப்பதே அரிது. திறப்பு விழா அன்று பானைகள் நிறைந்திருக்கும். நீர்மோரும் பானகமும் மணக்கும். பெயர்ப் பலகை பளபளக்கும். நான்காம் நாள் அவ்வழியே செல்வோர், பானை காய்ந்து கிடப்பதையும், குவளை காணாமற் போனதையும், பலகை மட்டும் நிலைத்து நிற்பதையும் காண்பர். பல ஊர்களிலும் காணப்படும் காட்சி இது. தாகத்தோடு வருபவன் வெறும் பானையைக் காணும்போது அடையும் வருத்தம், பந்தலே இல்லாத வழியில் செல்பவனுக்குக்கூட இராது. அவன் நம்பி வந்தான் அல்லவா?

திங்களூர்ப் பந்தல்

தண்ணீர்ப் பந்தலின் இலக்கணத்தைச் சைவ உலகிற்கு வாழ்ந்து காட்டியவர் ஒருவர் உண்டு. அவர் அப்பூதி அடிகள் நாயனார். அவர் வரலாற்றைச் சேக்கிழார் பெருமான் பெரிய புராணத்தில் விரித்துரைத்துள்ளார்.

சோழநாட்டில் திருவையாற்றை அடுத்துள்ள திங்களூரில் வாழ்ந்த அந்தணர் அப்பூதியார். திருநாவுக்கரசர் பெருமையை அவர் பிறர் சொல்லக் கேட்டிருந்தாரே ஒழிய, அப்பெருமானைக் கண்ணால் கண்டவர் அல்லர். கல்லோடு கட்டிக் கடலில் எறிந்தும் கரையேறிய வரலாற்றைக் கேட்ட அளவிலேயே உள்ளம் உருகிற்று. மூத்த மகனுக்கு மூத்த திருநாவுக்கரசு என்றும், இளைய மகனுக்கு இளைய திருநாவுக்கரசு என்றும் பெயர் சூட்டினார். வீட்டிலுள்ள பசுவிற்கும், எருமைக்கும், அளக்கும் படிக்கும், நிறுக்கும் கோலுக்கும் அப்பெயரே. தாம் அமைத்த மடம், குளம், சோலை ஆகியவற்றிற்கும் அப்பெயரே. வழிநடப்போர் இளைப்பாறுவதற்கு அவர் அமைத்த தண்ணீர்ப் பந்தலிலும் அப்பெயரே எழுதப்பெற்றிருந்தது.

திருப்பழனத்தை வழிபட்டு வந்த நாவுக்கரசர் அப்பந்தலைக் கண்டார். குளிர்ந்த நிழல், நறுமணம் கமழும் தண்ணீர், வருவோர் போவோரின் கூட்டம் ஆகிய அனைத்தையும் கண்டார். எங்கும் தம் பெயரே எழுதியிருக்கக் கண்டு வியந்தார். அங்கிருந்தோரை வினவி, அப்பூதியாரின் இல்லம் சென்றார். தம் பந்தலுக்குத் தம் பெயரை எழுதாமல் வேறொருவர் பெயரை எழுதியதன் காரணம் யாது என்று கேட்டார்.

அதுவரை அன்போடு முகம் மலர்ந்து நின்ற அப்பூதியார் சினம் கொண்டார். சிவவேடம் தாங்கிய ஒருவரே திருநாவுக்கரசரின் பெருமையை அறியாமல் வேறொருவர் என்று சொல்லலாமா என வருந்தினார். நீர் யார் என்றே கேட்டுவிட்டார். அப்பர் பெருமான் தம் பெருமை எதனையும் கூறவில்லை. சூலை நோய் தந்து இறைவன் ஆட்கொண்ட எளியவன் தாமே என்று பணிவோடு உரைத்தார். அவ்வளவில் அப்பூதியார் மெய்ம்மறந்து, திருவடியில் விழுந்து, ஆடினார், பாடினார், மனைவி மக்களை அழைத்து வந்து வணங்கச் செய்தார்.

இவ்வரலாற்றில் மாணவத் தொண்டர்கள் எண்ணிப் பார்க்க வேண்டிய செய்திகள் மூன்று உள்ளன.

முதலாவது, பந்தல் வைத்தவர் தம் பெயரை எழுதவில்லை. பொருள் அவருடையது, உழைப்பு அவருடையது, பெயர் மட்டும் அவருடையது அன்று. 

இரண்டாவது, அவர் எழுதிய பெயர் தம் குலத்தைச் சார்ந்த ஒருவருடைய பெயர் அன்று. அப்பூதியார் அந்தணர், நாவுக்கரசர் வேளாளர். குலப் பெருமை வேரூன்றியிருந்த காலத்தில், தாம் பெற்ற பிள்ளைகளுக்கே வேறு குலத்து அடியார் ஒருவரின் பெயரைச் சூட்டினார். தொண்டர்க்குக் குலம் தொண்டே என்பதை அவர் மேடையேறிப் பேசவில்லை. தம் வீட்டுத் திண்ணையிலும், ஊர் வழியிலும், பானையின் அருகிலும் எழுதி வைத்தார்.

மூன்றாவது, அப்பர் பெருமான் வருகின்றார் என்று முன்கூட்டி அறிந்து அவர் பந்தலை அழகு செய்யவில்லை. எந்நாளும் எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது. எதிர்பாராமல் வந்தவர் கண்டதும் நிறைந்த பானைதான். ஒரு தொண்டு மெய்யானதா என்று அறிவதற்கு இதனினும் சிறந்த சோதனை இல்லை. திறப்பு விழா அன்று சென்று பார்ப்பதனால் ஒன்றும் விளங்காது. யாரும் எதிர்பாராத ஒரு நாளில் சென்று பார்க்க வேண்டும்.

தேர்ச்சக்கரம் அணிந்த மார்பு

தொண்டைப் பிறர்மேல் சுமத்தலாகாது. உள்ளம் உவந்து செய்வதே தொண்டு என்னும் இக்கருத்து, நாட்டு நலப்பணித் திட்டம் பிறந்த வரலாற்றிலும் காணப்படுகின்றது.

நாடு விடுதலை பெற்றபின், டாக்டர் இராதாகிருஷ்ணன் தலைமையில் அமைந்த பல்கலைக்கழகக் கல்விக் குழு, மாணவர்கள் தம் விருப்பத்தோடு நாட்டுப்பணி ஆற்றும் முறையைப் பரிந்துரைத்தது. பின்னர் சி. டி. தேஷ்முக் தலைமையிலான குழு, அதனைக் கட்டாயமாக்கலாம் என்று கருதியது. பிற நாடுகளில் உள்ள முறைகளை ஆராய்ந்த கல்வியறிஞர் கே. ஜி. சையதைன், விருப்பத் தொண்டே ஏற்றது என்று 1960ஆம் ஆண்டில் உரைத்தார். மாணவர் எந்நிலையில் பயின்றாலும் ஏதேனும் ஒரு சமூகத் தொண்டோடு இணைந்திருக்க வேண்டும் என்று 1964 முதல் 1966 வரை பணியாற்றிய கோத்தாரிக் கல்விக் குழுவும் வலியுறுத்தியது. இவ்வாறு இருபது ஆண்டுகள் ஆய்ந்து தெளிந்த பின்னரே, காந்தியடிகளின் நூற்றாண்டாகிய 1969ஆம் ஆண்டில், செப்டம்பர் 24ஆம் நாள் இத்திட்டம் தொடங்கப்பெற்றது. தொடங்கி வைத்தவர் அந்நாள் மத்தியக் கல்வி அமைச்சர் டாக்டர் வி. கே. ஆர். வி. ராவ் ஆவார், 1908ஆம் ஆண்டில் காஞ்சிபுரத்தில் பிறந்தவர் அவர். முதலாண்டில் 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்கள் சேர்ந்தனர். நாளடைவில் மேல்நிலைப் பள்ளிகளுக்கும் இத்திட்டம் விரிந்தது.

இத்திட்டத்தின் சின்னத்தை மாணவர்கள் மார்பில் அணிகின்றனர். அச்சின்னம் எது என்று பலரும் உற்று நோக்குவதில்லை. அது ஒரு திருக்கோயில் தேர்ச்சக்கரம். ஒடிசாவில் 13ஆம் நூற்றாண்டில் எழுந்த கோனாரக் சூரியன் கோயில், கல்லால் ஆகிய ஒரு பெருந்தேர். அக்கோயிலை 24 சக்கரங்கள் தாங்குகின்றன. அச்சக்கரமே நலப்பணித் திட்டத்தின் சின்னமாயிற்று. அதிலுள்ள எட்டு ஆரங்கள் ஒரு நாளின் எட்டு யாமங்களை, அஃதாவது 24 மணி நேரத்தைக் குறிக்கும். எந்நேரமும் தொண்டிற்கு ஆயத்தமாக இருத்தல் வேண்டும் என்பது அதன் உட்பொருள். விடுமுறைக்கு மட்டும் சுழன்று, பள்ளி திறந்ததும் நின்றுவிடும் சக்கரம் அன்று அது.

திட்டத்தின் விதியும் அதனையே கூறுகின்றது. ஏழு நாள் சிறப்பு முகாம் ஒருபுறம் இருக்க, ஒவ்வொரு தொண்டரும் ஆண்டிற்கு 120 மணி நேரமாக ஈராண்டில் 240 மணி நேரம் பணியாற்ற வேண்டும். 120 மணி நேரத்தை ஓராண்டில் உள்ள 52 வாரங்களுக்குப் பகிர்ந்தால், வாரத்திற்கு இரண்டேகால் மணி நேரத்திற்குச் சற்று மிகும். படிப்பைக் கெடுத்துக்கொள்ளாமல் எந்த மாணவனும் எந்த மாணவியும் தரக்கூடிய நேரம் இது. ஆகவே, படிப்பு வந்துவிட்டது, இனித் தொண்டிற்கு நேரம் ஏது என்னும் சொல்லிற்கு இடமில்லை. 

தேர் என்றவுடன் நெல்லையப்பர் திருக்கோயிலின் ஆனிப் பெருந்திருவிழா இச்சீமையில் உள்ளோர் நெஞ்சில் தோன்றும். அப்பெருந்தேர் மக்களின் கைகளாலேயே இழுக்கப்படுகின்றது. வடம் பிடிப்போரை எல்லோரும் காண்பர். சக்கரத்தின் அருகே குனிந்து, சறுக்குக் கட்டையை உரிய நேரத்தில் இட்டும் எடுத்தும் தேரைத் திருப்புவோரை எத்தனை பேர் காண்பர்? அவர்கள் இன்றித் தேர் ஒரு வீதியும் திரும்பாது. பந்தல் திறப்பது வடம் பிடிப்பது போன்றது. நாள்தோறும் பானை கழுவுவது சறுக்குக் கட்டை இடுவது போன்றது.

புகலூரில் வந்த சோதனை

அப்பர் பெருமான் கையில் எப்போதும் இருந்தது உழவாரப் படை. புல்லைச் செதுக்கும் கருவி அது. அரசர் பணியும் பெருமை பெற்ற பின்னரும், அவர் திருக்கோயில் முற்றத்தில் அமர்ந்து புல் செதுக்கினார். திருப்புகலூரில் அவ்வாறு தொண்டாற்றிய காலத்தில், அவர் உழவாரம் பட்ட இடமெல்லாம் பொன்னும் நவமணியும் தோன்றுமாறு இறைவன் செய்தான். அப்பெருமான் அவற்றைப் பருக்கைக் கற்களோடு கல்லாகவே கருதினார். உழவாரத்தால் வாரி அருகிலிருந்த வாவியில் எறிந்தார். மீண்டும் புல்லைச் செதுக்கத் தொடங்கினார்.

இக்கால மாணவர்க்குப் பொன் தோன்றுவதில்லை. ஆனால் வேறு சில தோன்றுகின்றன. சான்றிதழ் தோன்றுகின்றது, மாலை தோன்றுகின்றது, கைப்பேசியில் எடுத்த படம் தோன்றுகின்றது. துடைப்பத்தைக் கையில் பிடித்துப் படம் எடுத்து முடிந்ததும், துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டுச் செல்வாரும் உளர். சான்றிதழ் பெறுவது குற்றமன்று. உழைத்த பிள்ளைக்கு ஊர் தரும் வாழ்த்து அது. ஆனால் சான்றிதழ் கைக்கு வந்த மறுநாளும் அப்பிள்ளை பந்தலுக்கு வருமானால், அதுவே புகலூர்ச் சோதனையில் தேறிய பிள்ளை.

பலனைத் தான் காண முடியாத ஒரு தொண்டைப் பழகுதல் இதற்கு நல்ல பயிற்சியாகும். அதற்குப் பனையினும் சிறந்த ஆசிரியர் இல்லை. 2023ஆம் ஆண்டில் தமிழகத்தின் கடற்கரை மாவட்டங்களில் ஒரு கோடி பனை விதைகளை நடும் பணி மேற்கொள்ளப்பட்டபோது, நலப்பணித் திட்ட மாணவர்களும் அதில் பங்கு கொண்டனர். நெல் விதைத்தவன் சில மாதங்களில் அறுப்பான்; முருங்கை நட்டவன் ஓராண்டில் காய் பறிப்பான். பனை விதை ஊன்றிய மாணவன், பள்ளி முடித்து, தொழிலும் தேடி, குடும்பமும் கண்ட பின்னரே அம்மரம் பாளை விடும். அதன் பதநீரைப் பருகுபவன் நட்டவன் பெயரை அறியமாட்டான். அறியாவிட்டால் என்ன? பதநீர் இனிக்கும்.

பெரியோர் கடமை

மூத்த திருநாவுக்கரசைப் பற்றியும் ஈண்டு உரைத்தல் வேண்டும். அப்பர் பெருமானுக்கு அமுது படைக்க வாழைக்குருத்து அரியச் சென்ற அச்சிறுவனைப் பாம்பு தீண்டிற்று. விருந்திற்குத் தடை நேருமே என்று அஞ்சி, குருத்தைத் தாயின் கையில் சேர்த்துவிட்டே அவன் விழுந்தான். பெற்றோரும் துயரத்தை மறைத்து விருந்தோம்ப முற்பட்டனர். உண்மையை அறிந்த அப்பர் பெருமான் திருக்கோயில் முன் அச்சிறுவனைக் கிடத்தச் செய்து, பதிகம் பாடி உயிர் மீட்டருளினார். அதன் பின்னரே அனைவரும் உடனிருந்து உணவு உண்டனர்.

இவ்வரலாறு அன்பின் எல்லையைக் காட்டுவது. இதனைக் கேட்டு, இடர் வந்தால் மறைக்க வேண்டும் என்று பிள்ளைகள் கருதிவிடலாகாது. அப்பர் பெருமானின் செயலையே நோக்குக. தமக்குப் படைத்த விருந்தைக் காட்டிலும் அப்பிள்ளையின் உயிரே பெரிது என்று அவர் எழுந்தார். ஆதலின் மாணவரைத் தொண்டில் ஈடுபடுத்தும் ஆசிரியர்க்கும், அறங்காவலர்க்கும், ஊர்ப் பெரியோர்க்கும் கடமைகள் உண்டு. முட்புதர் அகற்றும் பணியைக் காலிலும் கையிலும் காப்பு இன்றிச் செய்யவிடலாகாது. முற்பகல் பதினொரு மணி முதல் பிற்பகல் மூன்று மணி வரை வெயிலில் நிறுத்தலாகாது. உயர்ந்த மதிலிலும், ஆழ்ந்த குளத்திலும், அலைகடலிலும் பயிற்சியில்லாத பிள்ளைகளை இறக்கலாகாது. பாம்பு தீண்டினால் ஒரு நொடியும் மறைக்காமல், கட்டுப் போட்டும் கீறியும் காலம் தாழ்த்தாமல், முறிமருந்து உள்ள மருத்துவமனைக்கு உடனே கொண்டு செல்ல வேண்டும்.

பந்தலுக்கும் முறை உண்டு. பானையின் நுண்துளை வழியே கசியும் நீர் காற்றில் ஆவியாகும்போது உள்ளிருக்கும் வெப்பத்தைக் கவர்ந்து செல்கின்றது. அதனால் பானை நீர் குளிர்கின்றது. கடற்கரைக் காற்றில் ஈரம் மிகுதியாதலின், அங்கு நீர் அவ்வளவு குளிர்வதில்லை. ஆகவே உவரி போன்ற கடலோர ஊர்களில் பானையை நல்ல நிழலில், ஈர மணல்மேல், காற்றோட்டமாக வைத்தல் வேண்டும். நாள்தோறும் பானையைக் கழுவ வேண்டும். மூடி இன்றி வைக்கலாகாது. கையை உள்ளே விடாமல் முகப்பதற்குக் காம்பு நீண்ட அகப்பை வேண்டும். காய்ச்சி ஆறவைத்த நீராயினும், குளோரின் இட்ட நீராயினும், தூய நீரையே ஊற்ற வேண்டும். தாகம் தீர்க்க வைத்த நீர் நோய் தரலாகாது.

வகுப்பறையிலும் ஒரு பானை உண்டு

இனி, பள்ளிக்குத் திரும்பும் பிள்ளைகள் எதனைக் கொண்டு திரும்புகின்றனர் என்பதே எஞ்சியுள்ள வினா.

விடுமுறையில் பந்தலில் நின்றபோது, ஒருவன் நீர் இறைத்தான். ஒருவன் குடம் சுமந்தான். ஒருவன் முகந்து கொடுத்தான். குடம் கைமாறும்போது எவர் எத்தெரு என்று எவரும் கேட்கவில்லை. குடிக்க வந்தவரும் கேட்கவில்லை. உவரிக் கரையில் மணல் சுமப்பவர் தலைகளிலும் அதே ஓலைப்பெட்டிதான். செல்வர்க்கு ஒரு பெட்டி, வறியவர்க்கு ஒரு பெட்டி என்று அங்கு வேறுபாடு இல்லை. ஆனால் பள்ளி திறந்ததும் அதே பிள்ளைகள் வேறு வேறு பலகைகளில் தனித்தனியே அமர்வார்களானால், கையில் வண்ண வண்ணக் கயிறு கட்டித் தம் கூட்டத்தைக் காட்டிக்கொள்வார்களானால், கோடை முழுதும் சுமந்த குடத்தால் என்ன பயன்?

இது வீண் அச்சம் அன்று. திசையன்விளைக்குத் தொலைவில் இல்லாத நாங்குநேரியில், 2023ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், பள்ளி மாணவர் ஒருவரும் அவருடைய தங்கையும், உடன் பயின்ற மாணவர்களாலேயே, சாதிப் பகையால் வீடு புகுந்து வெட்டப்பட்ட கொடுமையை நாடே கண்டு நாணிற்று. புத்தகம் ஏந்த வேண்டிய கையில் அரிவாள் ஏறிய நாள் அது. அதனை அடுத்து அரசு அமைத்த குழுவின் தலைவர் ஓய்வுபெற்ற நீதியரசர் கே. சந்துரு, 2024ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் தம் அறிக்கையை அளித்தார். சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளை மாணவர் அணிவதைத் தடை செய்தல் வேண்டும் என்பது அதிலுள்ள பரிந்துரைகளுள் ஒன்று. எல்லாச் சமூகத்து மாணவரும் சேர்ந்த சமூக நீதி மாணவர் படை ஒன்றை அமைத்தல் வேண்டும் என்பது மற்றொன்று. மாணவரிடையே மூண்ட தீயை அணைப்பதற்கு அவ்வறிக்கை மாணவத் தொண்டரையே நாடிற்று என்பது இங்குக் கருதத்தக்கது.

சட்டம் கயிற்றை அறுக்கலாம்; நெஞ்சில் உள்ள முடிச்சை அவிழ்ப்பது தொண்டு ஒன்றேயாகும். ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே, வேறு குலத்தவர் பெயரைத் தம் பிள்ளைக்குச் சூட்டினார் ஒருவர். அவரை நாயன்மார் வரிசையில் வைத்து, கோயில்தோறும் வழிபடுகின்றோம். அவர் திருவுருவின் முன் கைகூப்பிவிட்டு, வகுப்பறையில் அயலவனின் குவளையை ஒதுக்கி வைத்தல் எத்தகைய வழிபாடு? பெற்றோரும் இதனைத் தம் நெஞ்சில் கேட்டுக்கொள்ளல் வேண்டும். பிள்ளையின் கையில் கயிறு கட்டப்படுவது பெரும்பாலும் வீட்டிலும் தெருவிலுமே அன்றிப் பள்ளியில் அன்று.

ஆகவே மாணவச் செல்வங்கள் பள்ளி திறக்கும் முதல் வாரத்தில் செய்யத்தக்க செயல்கள் இரண்டு உண்டு. ஒன்று, பந்தலையும் கன்றுகளையும் கைவிடாமல் முறைவைத்துக் காத்தல். இருபது பேர் உள்ள அணியில் நாளுக்கு இருவர் என்று முறை வகுத்தால், ஒருவர்க்குப் பத்து நாளுக்கு ஒருமுறையே பணி வரும். பள்ளிக்கு வரும் வழியில் அரைமணி நேரம் போதும். தேர்வு நாள்களில் பொறுப்பை ஏற்பதற்குப் பந்தலின் அருகே கடை வைத்திருப்போரையும், திருக்கோயில் பணியாளரையும் இப்போதே கேட்டு வைத்தல் வேண்டும். மற்றொன்று, வகுப்பறையில் உள்ள குடிநீர்ப் பானையையும் ஒரு தண்ணீர்ப் பந்தலாகவே கருதுதல். அதனை நிரப்பும் முறையை, இதுவரை உடன் பேசியிராத ஒருவரோடு சேர்ந்து ஏற்றுக்கொள்ளுதல் வேண்டும். குடத்தின் இருபுறமும் இருவர் பிடித்துத் தூக்கும்போது, இருவர் நடையும் ஒன்றாதல் வேண்டும். இல்லையேல் நீர் சிந்தும். அந்தப் பாடத்தை எந்த நூலும் இவ்வளவு தெளிவாகக் கற்பிக்காது.

பெயரில்லாக் கிணறு

நிறைவாக ஒரு செய்தி. 2021ஆம் ஆண்டின் இறுதியில் பெருமழை பெய்தபோது, திசையன்விளையை அடுத்த ஆயன்குளம் படுகையில் உள்ள ஒரு கிணறு எல்லோர் கண்ணையும் ஈர்த்தது. வாய்க்காலில் வந்த வெள்ளம் முழுதும் அதனுள் பாய்ந்தது. நாள்கள் பல கழிந்தும் கிணறு நிரம்பவில்லை. சென்னை ஐ.ஐ.டி. நிறுவனத்து அறிஞர்கள் வந்து ஆராய்ந்தனர். நிலத்தின் அடியில் சுண்ணாம்புப் பாறைகளில் நீரால் அரிக்கப்பட்ட குகைகள் இருப்பதும், அவற்றின் வழியே நீர் நெடுந்தொலைவு பரவுவதும் விளங்கின. சுற்றுப்புறத்துக் கிணறுகளில் நீர்மட்டம் உயர்ந்தது. அங்கெல்லாம் நீர் இறைத்தவர்கள், அது எந்தக் கிணற்றின் வழியே வந்த நீர் என்று அறிந்திருக்கமாட்டார்கள்.

அக்கிணறு தான் பெற்றதைத் தன்னிடம் நிறுத்திக் காட்டவில்லை. காணாத வழியில், காணாத ஊர்களுக்குக் கொடுத்துவிட்டது. இம்மண்ணே அடிநிலத்தில் அப்பூதியாரின் தண்ணீர்ப் பந்தல் ஒன்றை வைத்திருக்கின்றது போலும்! இம்மண்ணில் பிறந்த பிள்ளைகள் அதனைப் போலவே விளங்குவார்களாக. கோடையில் கையேற்ற தொண்டு, பள்ளி மணி ஒலித்த பின்னும் தொடர்வதாக. எதிர்பாராத ஒரு நாளில், எந்தத் திசையிலிருந்தோ, களைத்த கால்களோடு ஒருவர் வருவார். அவர் அடியாராகவும் இருக்கலாம், ஆண்டவனாகவும் இருக்கலாம். அன்றைக்கும் பானை நிறைந்திருப்பதாக!

உவரி எழுந்தருளிய சுயம்புலிங்கப் பெருமான் திருவருள் அனைவர்க்கும் துணைநிற்பதாக!

திருச்சிற்றம்பலம்